தாருக்குள் ஒளிந்திருக்கும் காற்று

புதிதாகத் தார் போட்ட சாலை பார்ப்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! காக்கைச் சிறகு போன்ற கறுப்பு. மேடு பள்ளம் இல்லாத சமதளம். அதன் மேல் போகும் பழைய சைக்கிளுக்குக் கூட ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் "பேஷ்!" என்று சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிப் போகிறார்கள். ஆனால் சாலையின் ஆயுள் ரேகை அதன் முகத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. ஒரே மலையில் உடைத்த கல்லைக் கொண்டு, ஒரே கொப்பரையில் காய்ந்த தாரை ஊற்றி, ஒரே ஆட்கள் ஒரே நாளில் போட்ட இரண்டு துண்டுகளில் ஒன்று பதினைந்து வருஷம் உழைக்கிறது. அடுத்தது மூன்றாவது மழைக்காலத்தில் பல்லை இளிக்கிறது.

"கண்டிராக்டர் தாரைத் தின்றுவிட்டார்" என்று ஊரார் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். சில இடங்களில் அந்தத் தீர்ப்புச் சரியாகவே இருக்கலாம். அதைப் பற்றித் தர்க்கம் செய்ய நான் வரவில்லை. ஆனால் யாரும் எதையும் தின்னாமலே, அளவு பிசகாமல் கல்லும் தாரும் சேர்த்துப் போட்ட சாலையும் அற்பாயுளில் மாண்டுபோவதுண்டு. அங்கே குற்றவாளியைத் தேடிக்கொண்டு போனால் அகப்படுவது காற்றுதான்: வெளியேற்றப்படாமல் உள்ளே தங்கிவிட்ட வெறுங்காற்று. சாலையைத் துளைக்காமல், ராடார் அலைகளைக் கொண்டு அந்தக் காற்றைக் கண்டுபிடிக்கும் வித்தை ஒன்று பின்லாந்திலும் அமெரிக்காவிலும் கடந்த முப்பது வருஷங்களாக வளர்ந்து வந்திருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், சாலை எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்றுப் பார்த்துவிடலாம்.

நாம் வாய்ப்பழக்கமாகத் 'தார்' என்று சொல்வது உண்மையில் தார் அல்ல. நிலக்கரியிலிருந்து கிடைப்பதே தார். இக்காலத்தில் சாலைக்கு ஊற்றுவது, பெட்ரோலிய எண்ணெயைச் சுத்தி செய்த பிறகு அடியில் மிஞ்சும் பிட்டுமன் என்ற கரும்பசை. பெயர் மட்டும் பழையதே நிலைத்துவிட்டது; நானும் ஊரோடு ஒத்துத் தார் என்றே எழுதுகிறேன். சாலைக் கலவையில் நிறைப்படி நூற்றுக்குச் சுமார் 95 பங்கு கல்லும் மணலும் கல்தூளும். மீதி 5 பங்குதான் தார். இரண்டையும் சுமார் 150 டிகிரி சூட்டில் கலந்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, பரப்பும் யந்திரத்தின் வயிற்றில் கொட்டுகிறார்கள். அது பாய் விரித்தாற்போல் கலவையைப் பரப்பிக்கொண்டே போகிறது. பின்னாலேயே ரோலர்கள் வந்து அமுக்குகின்றன.

இந்த அமுக்குதலில்தான் சாலையின் ஜாதகமே அடங்கியிருக்கிறது. படியால் அரிசி அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். சும்மா கொட்டி அளந்தால் ஒரு கணக்கு; படியைத் தட்டிக் குலுக்கி அளந்தால் வேறு கணக்கு. குலுக்கும்போது மணிகள் ஒன்றன் இடுக்கில் ஒன்று புகுந்து உட்கார்ந்துகொள்ள, நடுவிலிருந்த காற்று வெளியே போய்விடுகிறது. கடைக்காரர் ஏன் படியைக் குலுக்க விடுவதில்லை என்பது வீட்டு அம்மாமார்களுக்கு நன்றாகத் தெரியும். சாலை போடும்போது ரோலர் செய்கிற வேலையும் இந்தக் குலுக்கல்தான். ஆனால் இங்கே ஒரு சங்கடம் உண்டு. அரிசியை எப்போது வேண்டுமானாலும் குலுக்கலாம். தார்க் கலவையையோ சூடு ஆறுவதற்கு முன் அமுக்கி முடித்துவிட வேண்டும். சுமார் 80 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் தார் இறுகிப்போய், ரோலரை எத்தனை தரம் ஓட்டினாலும் கற்கள் இடம் பெயராமல் பிடிவாதம் செய்யும். குளிர்ந்த காற்று வீசுகிற நாளில், மெல்லிய பரப்பாகப் போட்டிருந்தால், கால் மணி நேரம்கூட அவகாசம் கிடைக்காது.

எவ்வளவு காற்று இருக்கலாம்? ரோலர் வேலை முடிந்தவுடன் கன அளவில் நூற்றுக்கு 7 பங்கு அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக இருப்பது நலம் என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட கணக்கு. அந்த அளவில் காற்று தனித்தனிக் குமிழிகளாகக் கல்லிடுக்கில் அடைபட்டுக் கிடக்கும். 8 பங்கைத் தாண்டும்போது குமிழிகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு சின்னஞ்சிறு வாய்க்கால்கள் ஆகிவிடுகின்றன. பிறகு மழை பெய்தால் தண்ணீர் மேலோடு வழிந்து போகாமல் உள்ளே இறங்குகிறது. கல்லைப் பற்றிக்கொண்டிருக்கும் தாரை அது மெள்ள மெள்ள உரிக்கிறது. போதாக்குறைக்கு, வாய்க்கால் வழியே புகும் காற்றே தாரைத் தாக்கி, பழைய ரப்பர் போல் உலர்த்தி நொறுங்க வைக்கிறது. குளிர் நாடுகளில் இன்னும் ஒரு படி மேலே. அமெரிக்காவின் வடகோடியிலுள்ள மின்னசோட்டா ராஜ்யத்தில் குளிர்காலத்து ராத்திரிகளில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை போவது உண்டு. உள்ளே புகுந்த தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது நூற்றுக்கு 9 பங்கு பருக்கிறது. பாறையையே பிளக்கும் சக்தி அது; சாலை எம்மாத்திரம்?

லிண்டன், மஹோனி, ஜாக்ஸன் என்ற மூன்று அமெரிக்க இஞ்சினீயர்கள் 1989-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. காற்று 7 பங்குக்கு மேல் போனால், கூடுகிற ஒவ்வொரு பங்குக்கும் சாலையின் ஆயுளில் ஏறக்குறையப் பத்தில் ஒன்று குறைகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. வீட்டுக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 15 வருஷம் உழைக்கவேண்டிய சாலை. காற்று 7-க்குப் பதிலாக 10 பங்கு. நாலரை வருஷம் போயிற்று! கல் குறையவில்லை, தார் குறையவில்லை, பில்லில் ஒரு காசு பொய் இல்லை. ஆனாலும் வரி கொடுப்பவனுடைய பணத்தில் பத்துக்கு மூன்று பங்கு ஆகாயத்தில் போய்விட்டது.

அப்படியானால் காற்றை அடியோடு துரத்திவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதுவும் ஆகாது. வெயிலில் தார் விரியும்போது ஒதுங்குவதற்குச் சிறிது இடம் வேண்டும். 3 பங்குக்கும் குறைவாகக் காற்று இருந்தால் தார் மேலே கசிந்து வருகிறது. கனமான லாரிகளின் சக்கரத் தடம் பள்ளமாகப் பதிந்துவிடுகிறது. ஆகவே இஞ்சினீயர் நடக்கவேண்டியது ஒரு குறுகலான வரப்பின் மேல். அந்த வரப்பின் மேல்தான் இருக்கிறோமா என்று அவர் தெரிந்துகொள்வது எப்படி?

பழைய முறை சாலையை அறுத்துப் பார்ப்பது. வைரத் துணுக்குகள் பதித்த உருளை ரம்பத்தைச் சுழலவிட்டு, 4 அல்லது 6 அங்குல விட்டத்தில் வட்டமாக ஒரு துண்டை எடுக்கிறார்கள். அதைக் காற்றில் ஒரு தரம், தண்ணீருக்குள் ஒரு தரம் நிறுத்தால் அடர்த்தி தெரிந்துவிடும். குளியல் தொட்டியிலிருந்து எழுந்து ஓடினாரென்று சொல்கிறார்களே, அந்த ஆர்க்கிமிடீஸின் தத்துவமேதான். காற்றே இல்லாவிட்டால் அதே கலவையின் அடர்த்தி எவ்வளவு என்பதை வேறொரு சோதனையால் கண்டுபிடிக்கிறார்கள்: உதிரிக் கலவையைப் பாத்திரத்தில் தண்ணீருக்குள் போட்டு, மேலே சூனியம் உண்டாக்கி, காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு நிறுப்பது. இதற்கு 'ரைஸ் சோதனை' என்று பெயர். சற்று முன் நான் சொன்ன அரிசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜேம்ஸ் ரைஸ் என்பவர் வகுத்த முறை. இரண்டு அடர்த்திக்கும் உள்ள வித்தியாசமே காற்று.

இந்த முறையின் துல்லியத்தைக் குறை சொல்வதற்கில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. புத்தம் புதுச் சாலையில் நாமே ஒரு புண்ணை உண்டாக்குகிறோம். பிறகு கொஞ்சம் கலவையைப் போட்டு இடித்து மூடுகிறார்கள்; ஆனால் பத்து டன் ரோலர் அமுக்கியதும் கையால் இடித்ததும் ஒன்றாகுமா? எத்தனையோ சாலைகளில் முதல் குழி அந்தச் சோதனைத் துளையின் ஓரத்திலேயே ஆரம்பிக்கிறது. தவிரவும், துண்டை எடுத்துச் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோய் முடிவு தெரிவதற்குள் மறுநாள் ஆகிவிடும். அதற்குள் சாலை ஆறிக் கல்லாகிவிட்டிருக்கும். தெரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்? நோயாளியைப் புதைத்த பிறகு வைத்தியர் நாடி பார்த்த கதைதான்.

இவை இரண்டையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள். மெத்தச் சரி, ஏனென்றால் பானையில் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே அடுப்பில், ஒன்றாகக் கொதிக்கிறது. சாலையோ ஒரு பானை அல்ல. 3.5 மீட்டர் அகலம், 5 செண்டிமீட்டர் கனம் உள்ள பரப்பில் 20 டன் லாரி ஒன்றின் கலவை ஏறக்குறைய 50 மீட்டர் தூரத்துக்குத்தான் வரும். ஆகவே ஒரு கிலோமீட்டர் சாலை என்பது 20 பானைச் சோறு! ஒரு லாரி சீக்கிரம் வந்திருக்கும்; ஒன்று வழியில் ரயில்வே கேட்டில் நின்று சூடாறி வந்திருக்கும். அந்தக் கிலோமீட்டரில் தாராளமாகப் பத்துத் துளைகள் போட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பானைகளை நாம் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பரப்பளவாகச் சொன்னால், அறுத்தெடுத்த பத்து வட்டங்களும் சேர்ந்து சாலையின் 20,000-ல் ஒரு பங்கு. மீதி 19,999 பங்கும் நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

துளைக்காமல் பார்க்கும் கருவி ஒன்றும் முன்பே வந்திருக்கிறது. சீஸியம் 137 என்ற கதிரியக்கப் பொருளைப் பெட்டிக்குள் வைத்துச் சாலையின் மேல் நிறுத்தி, காமா கதிர்களில் எத்தனை சிதறித் திரும்பி வருகின்றன என்று எண்ணி, அதிலிருந்து அடர்த்தியைக் கணிப்பது அது. நல்ல கருவிதான், உலகம் முழுவதும் பழக்கத்தில் இருக்கிறது. ஆனால் கதிரியக்கப் பொருள் என்றால் லைசென்ஸ், பூட்டு, காவல், பயிற்சி என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு. அத்துடன் ஓரிடத்தில் வைத்து, நிமிஷக்கணக்கில் காத்திருந்து, பிறகு அடுத்த இடத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். மறுபடியும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியுமே ஒழிய முழுச் சாலையும் தெரியாது.

சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டி என்ன செய்கிறாள்? பானையை உடைத்துப் பார்ப்பதில்லை. விரலால் சுண்டி, நாதத்தைக் கேட்டு, விரிசல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுகிறாள். ராடார் முறையும் ஒருவகையில் பாட்டியின் முறையே. சுண்டுவது விரலுக்குப் பதிலாக ரேடியோ அலை.

ராடார் என்றதும் யுத்தக் கப்பலும் ஆகாய விமானமும் நினைவுக்கு வருவது இயற்கை. தூரத்திலுள்ள பொருளின் மேல் ரேடியோ அலையை ஏவி, மோதித் திரும்பும் அலையைக் கொண்டு அப்பொருளை அறிவது அதன் தத்துவம். 1904-லேயே ஜெர்மனியில் ஹூல்ஸ்மையர் என்பவர் கப்பல்களைக் கண்டறிய இப்படியொரு கருவி செய்து காட்டினார். அது பெரிதாக வளர்ந்தது இரண்டாவது உலக யுத்தத்தில். யுத்தம் ஓய்ந்த பிறகு விஞ்ஞானிகள் அதன் முகத்தை வானத்திலிருந்து பூமியின் பக்கம் திருப்பினார்கள். பனிப்பாறையின் ஆழம், புதைந்த குழாய், மண்ணடியில் கிடக்கும் பழைய சுவர் இவற்றையெல்லாம் அது காட்டிக்கொடுத்தது. 1972-ல் சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோ 17 கூடச் சந்திரனின் தரைக்கடியில் இருப்பதை அறிவதற்கு இம்மாதிரிக் கருவி ஒன்றைச் சுமந்துகொண்டு அதைச் சுற்றியது.

சாலைக்கு வேண்டியதோ அத்தனை ஆழமான பார்வை அல்ல. மேலே இரண்டொரு அங்குலத்தின் சமாசாரம்தான். கருங்கல் சுவருக்கு எதிரே நின்று கூவினால் எதிரொலி கணீரென்று வரும். வைக்கோற்போருக்கு எதிரே கூவினால் பாதி உள்ளேயே அமுங்கிவிடும். எதிரொலியின் பலத்தைக் கொண்டே, கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும், எதிரே இருப்பது கல்லா வைக்கோலா என்று சொல்லிவிடலாம் அல்லவா? விநாடிக்குச் சுமார் 200 கோடி தரம் துடிக்கும் ரேடியோ அலையை, ஓர் அடி உயரத்திலிருந்து சாலையின் மேல் ஏவுகிறார்கள். காற்றில் ஓடிவரும் அலை சாலையின் முகத்தில் மோதும்போது ஒரு பகுதி உள்ளே புகுகிறது. ஒரு பகுதி திரும்புகிறது. எவ்வளவு திரும்புகிறது என்பது சாலைப் பொருளின் ஒரு குணத்தைப் பொறுத்தது. அதைப் பௌதிக நூல்களில் 'மின்காப்பு மாறிலி' என்பார்கள். பெயர் பயமுறுத்தினாலும் சங்கதி எளிது: அப்பொருளுக்குள் அலையின் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதற்கு அது ஓர் அளவு. காற்றுக்கு இந்த எண் 1. தாருக்கு ஏறக்குறைய 3. கல்லுக்கு ஜாதிக்கு ஒன்றாக 5 முதல் 8 வரை. கல்லும் தாரும் சிறிது காற்றும் கலந்த சாலைக்கு 5-ஐ ஒட்டி ஓர் எண் வரும். காற்று அதிகமாக அதிகமாக எண் இறங்கும். அத்துடன் எதிரொலியும் தணியும்.

எதிரொலியை அளப்பதற்கு ஒரு படிக்கல் வேண்டுமே? அதற்கு ஓர் உலோகத் தகட்டைத் தரையில் போட்டு முதலில் அலையை ஏவுகிறார்கள். உலோகம் அலையை உள்ளே விடாமல் முழுவதும் திருப்பிவிடும். அதை 100 என்று வைத்துக்கொண்டால், மின்காப்பு மாறிலி 5 உள்ள சாலையிலிருந்து திரும்புவது சுமார் 38. இந்த இரண்டு எண்களையும் கொண்டு மாறிலியைக் கணக்கிடுவது கல்லூரி மாணவன் போடக்கூடிய கணக்கு. ஆனால் அளப்பவரின் கஷ்டத்தை நினைத்துப் பாருங்கள். காற்று ஒரு பங்கு கூடினால் மாறிலி ஏறக்குறையப் பத்தில் ஒன்றுதான் இறங்குகிறது. சாலையின் ஆயுளில் நாலரை வருஷத்தைத் தின்ற அந்த மூன்று பங்குக் காற்று, எதிரொலியை 38-லிருந்து 37-க்கு இறக்கும், அவ்வளவே! இத்தனை நுட்பமான வித்தியாசத்தை, குலுங்கிக்கொண்டு போகும் வண்டியிலிருந்து, காலையிலிருந்து மாலை வரை பிசகாமல் அளக்க வேண்டும். கருவி வெயிலில் சூடேறினாலே எண் நகர்ந்துவிடும். இந்த வித்தை பழக்கத்துக்கு வர இத்தனை வருஷம் ஆனதில் ஆச்சரியம் இல்லை.

இங்கே நம் நாட்டவர் ஒருவரைக் குறிப்பிடாமல் மேலே போக மனம் வரவில்லை. மின்காப்பு மாறிலி என்பது, அலை ஒரு பொருளுக்குள் புகும்போது எவ்வளவு வளைகிறது என்பதைக் குறிக்கும் எண்ணின் வர்க்கமேயாகும். இது மாக்ஸ்வெல் வகுத்த உறவு. கண்ணுக்குத் தெரியாத மின் அலைகளுக்கு அந்த வளைவை அளந்தவர்களில் கல்கத்தா பிரஸிடென்ஸி காலேஜ் ஆசிரியர் ஜகதீச சந்திர போஸ் முன்வரிசையில் நின்றவர். கந்தகத்துக்குள் மின் அலை எவ்வளவு வளைகிறது என்று அளந்து, 1895-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் அவர் கட்டுரை எழுதினார். கருவிகளையெல்லாம் கல்கத்தாவிலேயே செய்துகொண்டார். கந்தகம் எப்படி வளைத்தால் நமக்கு என்ன என்று அன்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஒளிக்கதிர் வளைவதைப் போர்டில் வரைந்து காட்டும்போது என் வகுப்புப் பிள்ளைகளும் இன்று அப்படியே கேட்கிறார்கள். ராடார் வண்டி சாலையைப் பார்த்துக் கேட்பது, போஸ் கந்தகத்தைப் பார்த்துக் கேட்ட அதே கேள்விதான்.

சாலைக் காற்றை ராடாரால் அளப்பதில் பின்லாந்து முந்திக்கொண்டது. டிமோ சாரென்கெட்டோ என்பவரும் அவருடைய சகாக்களும், மாறிலிக்கும் காற்றுக்கும் உள்ள உறவை வகுத்துக் காட்டினார்கள். 1990-களின் பிற்பகுதியிலேயே புதுச் சாலைகளின் தரத்தைப் பரீட்சிக்க அந்நாட்டில் ராடார் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. பிறகு அமெரிக்காவில் டெக்ஸாஸ் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். தேசிய நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டம் ஒன்றின் ஆதரவில், மூன்று அலைவாங்கிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்திய தள்ளுவண்டி உருவாயிற்று. மெயின், நெப்ராஸ்கா, மின்னசோட்டா ராஜ்யங்களில் அதை ஓட்டிப் பார்த்தார்கள். இவர்களில் மின்னசோட்டாவின் போக்குவரத்து இலாகாதான் விடாப்பிடியாக நின்று, வேறு பல ராஜ்யங்களையும் சேர்த்துக்கொண்டு முறையைச் செம்மை செய்து வந்திருக்கிறது. குளிர்காலத்தின் கொடுமையை ஆண்டுதோறும் அனுபவிப்பவர்களுக்கு அக்கறை அதிகமாக இருப்பது நியாயந்தானே?

அந்த மூன்று அலைவாங்கிகளும் அரை அடிக்கு ஓர் அளவு எடுத்தால், ஒரு கிலோமீட்டர் நடந்து முடிவதற்குள் 20,000 அளவுகள் சேர்ந்துவிடும். பத்துத் துளைகள் எங்கே, இருபதினாயிரம் அளவுகள் எங்கே! அவற்றைச் சாலையின் படத்தின் மேல் வர்ணமிட்டுக் காட்டினால், இதுவரை கண்ணுக்கு எட்டாத சங்கதிகள் வரிசையாக வெளிப்படுகின்றன.

முதலாவது, இணைப்பு. சாலையின் ஒரு பாதியைப் போட்டு, ஆறியபின் மறுபாதியைப் பக்கத்தில் ஒட்டிப் போடுவார்கள். ஆறிய விளிம்பையும் சூடான விளிம்பையும் ஒன்றாக அமுக்குவது கடினம். ஆகவே நடுவில் நெடுக ஒரு பலவீனமான கோடு ஓடுகிறது. பழைய சாலைகள் நடுவில் வகிடு எடுத்தாற்போல் பிளப்பதற்குக் காரணம் இதுவே. இணைப்பு மோசம் என்று எல்லா இஞ்சினீயர்களுக்கும் தெரியும். எந்த இடத்தில் எவ்வளவு மோசம் என்பதை அடிக்கு அடி காட்டுவது ராடார். அடுத்தது லாரிகளின் எல்லை. நீண்ட பயணத்தில் கலவையின் மேற்பரப்பும் ஓரங்களும் ஆறிவிடும். அந்த ஆறிய பகுதி பரப்பும் யந்திரத்தில் கடைசியாக விழுந்து, சாலையில் குளிர்ந்த திட்டாகப் படியும். 1990-களில் வாஷிங்டன் ராஜ்யத்து ஆராய்ச்சியாளர்கள் வெப்பத்தைப் படமெடுக்கும் காமிராவால் பார்த்தபோது, லாரிக்கு ஒன்றாக இத்திட்டுகள் தோன்றின. அப்படிப்பட்ட இடங்களில் ராடார் எண்ணும் தாழ்ந்து நிற்கிறது. இதற்குப் பரிகாரமும் உண்டு: லாரிக்கும் பரப்பும் யந்திரத்துக்கும் நடுவில், கலவையை மறுபடி கிளறி ஊட்டும் யந்திரம் ஒன்றை நிறுத்துவது. அதற்குச் செலவழிப்பது வீணல்ல என்று கண்டிராக்டரை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கு அந்த வர்ணப் படத்தைவிடச் சிறந்த வக்கீல் கிடையாது.

பணத்தைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. அமெரிக்காவில் பல ராஜ்யங்களில் சாலை எவ்வளவு நெருக்கமாக அமுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துக் கண்டிராக்டருக்குக் கூலியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்கள். அந்தத் தீர்ப்பு இன்றுவரை பெரும்பாலும் சில துளைகளை நம்பியே இருந்து வருகிறது. நல்ல வேலை செய்தவர் துளை விழுந்த இடத்தின் துரதிர்ஷ்டத்தால் அபராதம் கட்டுவதும், அரைகுறை வேலை செய்தவர் அதிர்ஷ்டத்தால் சன்மானம் வாங்குவதும் இதில் நடக்கக்கூடியவை. ராடார் படம் வந்தால் இருவருக்கும் இந்தச் சூதாட்டம் இல்லை. ஆனால் வேறொரு கேள்வி முளைக்கிறது. இருபதினாயிரம் புள்ளிகளில் எங்கோ முந்நூறு புள்ளிகள் தாழ்ந்திருந்தால் என்ன செய்வது? முன்பு அவை யாருக்கும் தெரியாது. ஆகவே வழக்கும் இல்லை. இப்போது தெரிந்துவிட்டது! எல்லாம் தெரிந்த பிறகு எதை மன்னிப்பது, எதற்குத் தண்டிப்பது என்று புதிதாக விதி எழுத வேண்டியிருக்கிறது. இது இஞ்சினீயர் மட்டும் தீர்க்கக்கூடிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

'சாலையில் ஒரு கீறல்கூட இல்லாமல்' என்று இம்முறையை விளம்பரம் செய்பவர்கள் ஒரு விஷயத்தை மெள்ள விழுங்கிவிடுகிறார்கள். ராடார் நேராக அளப்பது மின்காப்பு மாறிலியை மாத்திரமே, காற்றை அல்ல. ஒரு மலைக் கல்லுக்கும் இன்னொரு மலைக் கல்லுக்கும் மாறிலி வேறு. ஆகவே எந்த எண்ணுக்கு எவ்வளவு காற்று என்பதை ஒவ்வொரு கலவைக்கும் தனியாக நிர்ணயிக்க வேண்டும். அதற்கு எண் உயர்ந்த இடம், தாழ்ந்த இடம், நடுத்தரமான இடம் என்று தேர்ந்தெடுத்துச் சில துளைகள் போட்டே தீரவேண்டியிருந்தது. துளைகள் வெகுவாகக் குறைந்தன, அடியோடு ஒழியவில்லை. இதற்கும் மின்னசோட்டாவில் வழி தேடியிருக்கிறார்கள். அதே கலவையைச் சோதனைச் சாலையில் அடைபோல் தட்டித் தட்டி, ஒன்றில் காற்று அதிகம், ஒன்றில் குறைவு என்று பல அடைகள் செய்து, அவற்றின் ஊடே அலையை அனுப்பி மாறிலியைக் கண்டுபிடிப்பது அந்த வழி. அதைச் சாலையில் எடுத்த எண்களோடு ஒப்பிட்டுவிட்டால் துளைக்கே வேலையில்லை.

இன்னொரு விரோதி தண்ணீர். காற்றுக்கு 1, கல்லுக்கு 5 முதல் 8 என்று சொன்ன மாறிலி, தண்ணீருக்கு ஏறக்குறைய 80! சாலையின் மேல் மெல்லிய ஈரம் இருந்தாலே போதும்; எதிரொலி பெருத்து, ஓட்டைச் சாலையும் உத்தமச் சாலைபோல் வேஷம் போட்டுவிடும். ரோலரின் உருளையில் தார் ஒட்டாமலிருக்க அதன் மேல் ஓயாமல் தண்ணீர் தெளிப்பது வழக்கம். ஆகையால் ராடாரை ரோலரிலேயே கட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் "இங்கே இன்னும் ஒரு தரம் அமுக்கு" என்று ஓட்டுபவருக்கு அது சொல்லும்படி செய்துவிட வேண்டும் என்ற ஆசை எளிதில் கைகூடுவதாயில்லை. உண்மையில் அந்த ஒன்றுதான் எல்லாவற்றிலும் பிரயோஜனமானது. இப்போதைக்கு ராடார் இன்றைய பிழையைக் காட்டி நாளைய வேலையைத் திருத்துகிறது. கடைசி ரோலர் போய், மேலேயுள்ள ஈரம் உலரும்வரை காத்திருந்து, அதன் பிறகே தள்ளுவண்டிக்காரர் உலோகத் தகட்டைக் கீழே போட்டுக் கருவியைச் சரிபார்த்துவிட்டு நடக்கத் தொடங்குகிறார்.